கிளியும் கூடும்



தமிழில் 'கூடு' என்னும் சொல்லுக்குப் பொருள்கள் இரண்டு உண்டு. பறவை தன் குஞ்சுகளுக்காகத் தானே அமைத்துக்கொள்ளும் இடமும் கூடு. மனிதன் அப்பறவையை அடைத்து வைக்கச் செய்யும் பெட்டியும் கூடு. பின்னதைப் பிரித்துக் காட்டக் 'கூண்டு' என்று தனியே ஒரு சொல் இருந்தாலும், 'கிளிக்கூடு' என்றால் நம் மனத்தில் முதலில் தோன்றுவது மரப்பொந்து அன்று, கம்பியிட்ட பெட்டியே. கிளியை மனிதன் வளர்த்த வரலாறு இந்த இரண்டு கூடுகளுக்கும் இடையே நடந்த வரலாறு என்று சொல்லலாம். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பல ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த ஊர் ஆரணி. ஆரணி என்றவுடன் பலருக்கும் பட்டுப்புடவை நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் குறிப்பிடுவது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே, ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஆரணியாகும். ஆந்திர நாட்டில் தோன்றி, ஊத்துக்கோட்டை வழியாக வரும் அந்த ஆறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு பழவேற்காட்டு நீர்ப்பரப்பை நோக்கிச் செல்கிறது. ஆற்றை ஒட்டி நெல்வயல்கள். வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் பனைமரங்கள். தலை முறிந்து பட்டுப்போன பனையில் பொந்து இருக்கும். பொந்து இருந்தால் கிளி இருக்கும். ஆதலால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிளி என்பது பாடப்புத்தகத்துப் படம் மட்டும் அன்று. கைக்கு எட்டிய பொருள்.

தை, மாசி மாதங்களில் வகுப்பில் யாரேனும் ஒரு மாணவர் எழுந்து, "சார், கிளி வளர்க்கலாமா?" என்று கேட்பதுண்டு. அம்மாதங்களில்தான் பொந்துகளில் குஞ்சு இருக்கும். 'கூடாது, சட்டம் தடுக்கிறது' என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால், காரணம் அறியாமல் கீழ்ப்படிகிற சட்டம், கண்காணிப்பவர் அகன்றவுடன் மறந்துபோகும். காரணமோ வரலாற்றில் இருக்கிறது.

முதலில் பறவையை அறிந்துகொள்வோம். நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் வாழும் நீண்ட வால் கிளிகள் ஒரே குடும்பத்து உறவினர். நாம் பச்சைக்கிளி என்று அழைப்பது செந்தார்ப் பைங்கிளி. வாலோடு சேர்த்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். 'தார்' என்றால் மாலை. ஆண் பறவையின் கழுத்தில் கருப்பும் இளஞ்சிவப்புமாக ஒரு வளையம் இருப்பதால் இப்பெயர். பெண்ணுக்கும் இளம்பறவைக்கும் அவ்வளையம் இராது. இதனினும் பெரியது, தோளில் செந்நிறத் திட்டு உடைய பெரிய பச்சைக்கிளி. தலை மட்டும் நாவற்பழச் சிவப்பாக இருப்பது செந்தலைக்கிளி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரியது நீலப் பைங்கிளி. அந்தமான், நிகோபார் தீவுகளிலும், இமயமலை அடிவாரத்திலும், இலங்கையிலும், இன்னும் கிழக்கே சாவகம் வரையிலும் இக்குடும்பத்தினர் பரவியிருக்கின்றனர்.

பழந்தமிழர் இப்பறவையை இரண்டு வகையாகப் பார்த்தனர். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் அது திருடன். கதிர் முற்றும் காலத்தில் பெண்கள் பரண்மீது இருந்து கிளியோட்டினர். தட்டை, தழல், குளிர், கவண் என்று அதற்கெனக் கருவிகளே இருந்தன. வீட்டிலோ அதே கிளி செல்லப்பிள்ளை. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அந்நூலில் அந்தணர் குடியிருப்பில் கிளிகளுக்கு மறையின் ஓசை பயிற்றப்பட்ட செய்தி வருகிறது. திருவள்ளூர்ப் பகுதியும் தொண்டை நாட்டைச் சேர்ந்ததே. எனவே, கிளிக்குப் பேச்சுக் கற்பித்த மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்று நம் நாட்டுப்பகுதியைப் பற்றியது என்பதை நீங்கள் நினைவில் வைக்கலாம்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். தொல்காப்பியத்து மரபியல் பறவையின் இளமைக்குப் 'பார்ப்பு', 'பிள்ளை' என்னும் பெயர்களைக் கூறுகிறது. கோழிக்குஞ்சு வளர்ந்தால் கோழி என்கிறோம். கிளியை மட்டும், அது எத்துணை முதிர்ந்தாலும், 'கிளிப்பிள்ளை' என்றே அழைக்கிறோம். செல்லம் ஒரு காரணமாக இருக்கலாம். வேறொரு காரணமும் உண்டென்பது என் கருத்து. கிளி எப்போதும் பிள்ளையாகவே நம் வீட்டுக்குள் வந்தது. வளர்ந்த கிளி எளிதில் பழகாது, கடிக்கும். ஆதலால் இறகு முளைக்குமுன் பொந்திலிருந்து எடுத்து வரப்பட்ட குஞ்சே வளர்ப்புக்கு ஏற்றதாயிற்று.

நம் கிளி கடல் கடந்த கதை வியப்பானது. கி.மு. 400-ஐ ஒட்டிப் பாரசீக அரசனின் அவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் தெசியாசு என்பவர் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதரைப் போலப் பேசும் ஒரு பறவையை அதில் அவர் விவரிக்கிறார். அது இந்தியமொழி பேசுமாம். கற்பித்தால் கிரேக்கமும் பேசுமாம். முகச் சிவப்பையும் கறுத்த தாடியையும் அவர் குறிப்பதால் அது செந்தலைக்கிளியாக இருக்கலாம் என அறிஞர் கருதுவர். கி.மு. 326-இல் அலெக்சாந்தர் சிந்து வெளிக்கு வந்தபோது அவருடைய கடற்படைத் தலைவர் நியார்க்கசு கிளியைக் கண்டு, பெரும் புதுமையாக எழுதி வைத்தார். பெரிய பச்சைக்கிளிக்கு ஐரோப்பியர் பிற்காலத்தில் அலெக்சாந்தரின் பெயரையே வழங்கினர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் தாலமி மன்னன் அலெக்சாந்திரியா நகரில் நடத்திய பேரணியில் கூண்டில் வைத்த கிளிகளைச் சுமந்து சென்றனர்.

ரோமாபுரியில் கிளி செல்வர் வீட்டுப் பொருளாயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் அறிஞர், இந்தியா அனுப்பும் பறவை இது என்றும், உடல் பச்சை, கழுத்தில் மட்டும் சிவப்பு வளையம் என்றும் எழுதுகிறார். அதன் தலை மிகக் கடினமாதலால் பேச்சுக் கற்பிக்கும்போது இரும்புக் கம்பியால் தட்ட வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரியன், நியார்க்கசின் நூலைச் சுருக்கி எழுதும்போது, கிளியைத் தாமே பலமுறை பார்த்திருப்பதாலும், பிறரும் அறிந்திருப்பதாலும் அதை ஒரு வியப்பாக விவரிக்கப்போவதில்லை என்று கடந்து செல்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்குள் ஓர் அதிசயம் அன்றாடப் பொருளாகிவிட்டது! இடையில் எத்தனை ஆயிரம் குஞ்சுகள் பொந்துகளிலிருந்து இறக்கப்பட்டிருக்கும் என்பதை எந்த ஆசிரியரும் எழுதவில்லை.

இந்தியாவில் இக்கலை மேலும் வளர்ந்தது. வாத்சியாயனர் தொகுத்த அறுபத்துநான்கு கலைகளுள் கிளிக்கும் நாகணவாய்க்கும் பேச்சுக் கற்பிப்பதும் ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய 'காதம்பரி'யில் கதை சொல்லுவதே ஒரு கிளி. 'சுகசப்ததி' என்னும் எழுபது கிளிக்கதைகள் பாரசீகத்துக்குச் சென்று 'தூதிநாமா'வாகின. தமிழில் சீவக சிந்தாமணியின் குணமாலை கிளியைத் தூது விடுகிறாள். பிற்காலத்தில் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் 'அழகர் கிள்ளை விடு தூது' பாடினார். மதுரை மீனாட்சியம்மையின் திருக்கரத்தில் கிளி; திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் தோளருகே கிளி; திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளியுருக் கொண்டதாகச் சொல்லப்படும் கிளிக்கோபுரம். மதுரைத் திருக்கோயிலில் அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் கூண்டுகளில் கிளிகளை வைத்து, 'மீனாட்சி' என்று பெயர் சொல்லப் பழக்கியிருந்தனர். இன்று அங்கே கிளிகள் இல்லை. மண்டபத்தின் பெயரே அவற்றை நினைவூட்டுகிறது.

மாணவர்களே, இவ்வளவு நீண்ட உறவில் ஒன்றைக் கவனித்தீர்களா? நாம் எண்ணிப் பார்த்த நூல்களெல்லாம் கிளியைப் பேசவைத்ததைச் சொல்கின்றன. கிளியை முட்டையிடவைத்ததைச் சொல்லவில்லை. பறவையை இனம் பெருக்கும் அறிவு நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. அக்பர் 20,000-க்கும் மேற்பட்ட புறாக்களை வைத்திருந்தார் என்றும், இனங்களைக் கலந்து புதிய வகைகளை உண்டாக்கினார் என்றும் அவருடைய அமைச்சர் அபுல் பசல் எழுதியிருக்கிறார். கோழியும் புறாவும் மனிதன் கையில் பெருகின. கிளி மட்டும் ஏன் பெருகவில்லை? தேவை ஏற்படவில்லை என்பதே விடை. ஒரு மரம் ஏறினால் மூன்று குஞ்சுகள் கிடைக்கும் என்றிருந்தபோது, ஒரு சோடியை வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர் யார்? பிடித்து வளர்த்தல் ஒன்று. பெருக்கி வளர்த்தல் மற்றொன்று. முதலாவதற்குக் கூண்டும் பொறுமையும் போதும். இரண்டாவதற்கு அப்பறவையின் வாழ்க்கை முழுவதும் தெரிந்தாக வேண்டும்.

அவ்வாழ்க்கை எத்தகையது? கிளி கூட்டமாக வாழும் பறவை. மாலையில் நூற்றுக்கணக்கில் ஒரே தோப்பில் அடையும். பெண்ணே வலியது, ஆண்டின் பெரும்பகுதி ஆணை அருகில் அண்டவிடாது. பருவம் வரும்போது ஆண் தலையை அசைத்து, காலைத் தூக்கி, அணுகி, தான் விழுங்கிய உணவைக் கக்கிப் பெண்ணுக்கு ஊட்டும். குச்சி அடுக்கிக் கூடு கட்ட அதற்குத் தெரியாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுச் சென்ற பொந்தை அகலமாக்கிக்கொள்ளும். பழைய சுவரின் ஓட்டையும் அதற்குப் போதும். உள்ளே இருக்கும் மரத்தூள்மேல் பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். பெண் ஏறத்தாழ 23 நாள் அடைகாக்கும். ஒரே நாளில் எல்லாம் பொரியாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிவதால், கடைசிக் குஞ்சு மூத்ததைவிட மிகச் சிறியதாக இருக்கும். இறகின்றி, கண் திறவாமல் பிறக்கும் குஞ்சு வெளியே பறக்க ஆறு, ஏழு வாரம் ஆகும். ஆண் கிளிக்குக் கழுத்து வளையம் முழுமையாக வர இரண்டு, மூன்று ஆண்டுகள் செல்லும்.

கிளி ஏன் பேசுகிறது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. கூட்டத்தில் வாழும் பறவை, கூட்டத்தாரின் ஒலியைக் கேட்டுக் கற்று, அதே ஒலியால் அவர்களோடு உறவு கொள்கிறது. குஞ்சிலேயே பிரித்தெடுக்கப்பட்ட கிளிக்குக் கூட்டம் யார்? கூண்டின் எதிரே நிற்கும் மனிதரே. அது நம்மை மகிழ்விக்கப் பேசவில்லை. தனக்கு எஞ்சியிருக்கும் ஒரே கூட்டத்தில் சேர்ந்துகொள்ளவே பேசுகிறது. இதனை அறிந்த பிறகு, கூண்டிலிருந்து 'அக்கா, அக்கா' என்று ஒரு கிளி அழைப்பதைக் கேட்டால் அதன் பொருள் நமக்கு வேறாகத் தோன்றும்.

பெருக்கி வளர்க்கும் முறையை விரிவாக வகுத்தவர்கள் ஐரோப்பியர். அவர்களுக்குக் கிளி மரத்தில் கிடைக்கவில்லை, கப்பலில் வந்தது, விலை மிகுதி, வழியில் இறந்தவை பல. எனவே, உள்ளூரிலேயே குஞ்சு பொரிக்கச் செய்ய வேண்டிய தேவை பிறந்தது. 1894-இல் இங்கிலாந்தில் பறவை வளர்ப்போர் சங்கம் ஒன்று தோன்றியது. உறுப்பினர் தாம் கண்டதை அதன் இதழில் எழுதினர்: எந்த மாதத்தில் சோடி சேர்ந்தது, எத்தனை முட்டை, எந்த உணவில் குஞ்சு தழைத்தது, எதில் மாண்டது என்று பதிவு செய்தனர். கூண்டு போய்ப் பறவைக்கூடம் வந்தது. பறவைக்கூடம் என்பது பறவை சிறகை விரித்துப் பறந்து செல்லப் போதிய நீளமுள்ள வலையடைப்பு. ஒரு பகுதி வெயிலும் மழையும் படத் திறந்திருக்கும்; மற்றொரு பகுதி கூரையுடன் குளிர் தாங்கும். மரச்சட்டத்தைக் கிளி கடித்துத் துகளாக்கிவிடுமாதலால் வலிய கம்பிவலை வேண்டும். பொந்துக்குப் பதிலாக, ஆழமான மரப்பெட்டியில் சிறு வட்டத் துளையிட்டு, உள்ளே மரத்தூளும் இற்றுப்போன கட்டையும் இடுவர். கிளி அதைத் தன் அலகாலேயே கொத்திப் பதப்படுத்திக்கொள்ளும். ஒரு கூடத்தில் ஒரு சோடியே இருக்க வேண்டும். இன்றேல் பொந்துக்குப் போர் மூளும். அடைகாக்கும்போது அடிக்கடி எட்டிப் பார்த்தல் ஆகாது. சுருங்கச் சொன்னால், பறவைக்கூடத்தில் வெற்றி பெற்றவர் மரப்பொந்தை அறிந்தவரே.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆல்பிரட் எசுரா என்பவர், சரே மாவட்டத்தில் தமது பாக்சுவாரன் பூங்காவில் மஞ்சள் நிறப் பைங்கிளிகளைப் பெருக்கினார். பச்சைக்கிளி மஞ்சளாவது எப்படி? கிளியின் இறகில் மஞ்சள் நிறப்பொருள் உண்டு. இறகின் நுண்ணமைப்பும் அதிலுள்ள கருநிறப் பொருளும் சேர்ந்து ஒளியைச் சிதறச் செய்வதால் நீலம் தோன்றும். மஞ்சளும் நீலமும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சை. பிறவியிலேயே கருநிறப்பொருள் இல்லையானால் கிளி மஞ்சள்; மஞ்சள் இல்லையானால் நீலம். காட்டில் பல்லாயிரத்தில் ஒன்றாகத் தோன்றும் இவ்விந்தைகளை வளர்ப்போர் பாரம்பரிய விதிகளைக் கொண்டு நிலைபெறச் செய்தனர். நீலத்துக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அத்தன்மை வர வேண்டும். மஞ்சளோ பால் சார்ந்து செல்வது. உயிரியல் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படிக்கும் நீங்கள், அதே விதி கிளியிறகிலும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஐரோப்பாவில் இவ்வாறு பெருக்கும் கலை வளர்ந்துகொண்டிருந்தபோது நம் நாட்டில் பிடிக்கும் தொழிலே வளர்ந்தது. வலை வைத்தும் பொந்து உடைத்தும் பிடித்த கிளிகள் மூங்கில் கூடைகளில் நகரங்களுக்கு வந்தன; வெளிநாடுகளுக்கும் சென்றன. சென்னையில் 1900-இல் கட்டப்பட்டு 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டைக் கண்ட பெரியவர்கள், அங்கே பழைய புத்தகக் கடைகளோடு பறவைக் கடைகளும் இருந்ததைச் சொல்வார்கள். தெருவோரத்தில் சீட்டெடுத்த சோதிடக் கிளியும் அவ்வழி வந்ததே. பறக்காதபடி அதன் சிறகு நறுக்கப்பட்டிருக்கும்.

1972-இல் இந்திய நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1990-91-இல் இந்தியப் பறவைகளின் வாணிகம் முழுவதும் தடை செய்யப்பட்டது. அதனால், பைங்கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைப்பதும் குற்றம். சிறையும் தண்டமும் உண்டு. வெளிநாட்டுக் கிளிகளைச் சிலர் கூடங்களில் பெருக்குகின்றனர். பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய நாடுகளும் காட்டில் பிடித்த பறவைகளை இறக்குமதி செய்வதை 2007-இல் நிலையாகத் தடுத்துவிட்டன. அங்குள்ள வளர்ப்போர் தங்கள் கூடங்களில் பிறந்த பறவைகளைக் கொண்டே காலம் கழிக்கின்றனர்.

'அவர்கள் நம் கிளியைப் பெருக்கி வளர்க்கலாம். நாம் நம் ஊர்க்கிளியை வளர்க்கக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு வேற்றுமை உண்டு. அங்கே மரப்பொந்தில் குஞ்சு இல்லை. இங்கே உண்டு. கூடத்தில் பிறந்த குஞ்சு என்று பெயர் சொல்லிப் பொந்துக் குஞ்சையே விற்பது இங்கே எளிது. இரண்டையும் பார்வையால் பிரித்தறிய இயலாது. கதவு ஒன்று திறந்தால் இரண்டும் அவ்வழியே நுழையும். ஆதலால் சட்டம் கதவையே மூடியது.

கூண்டிலிருந்து தப்பிய கிளிகளும் ஒரு பாடம் கற்பிக்கின்றன. 1960-களின் இறுதியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் நம் பைங்கிளிகள் காட்டுப்பறவையாகவே குஞ்சு பொரிக்கத் தொடங்கின. பெல்ஜியத்தின் பிரசல்சு நகரில் 1974-இல் ஒரு பூங்காவினர் ஏறத்தாழ 40 கிளிகளைத் திறந்துவிட்டனர். இன்று அந்நாடுகளில் அவை ஆயிரக்கணக்கில் பெருகி, அங்கே பொந்துகளில் வாழும் உள்ளூர்ப் பறவைகளுக்குப் போட்டியாக நிற்கின்றன. ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் அதன் விளைவு நாம் நினைத்த எல்லையில் நிற்பதில்லை.

ஆயினும் பறவைக்கூடத்தை முற்றும் பழித்துவிடக் கூடாது. அதன் மிக உயர்ந்த பயனைக் கண்ட இடம் இந்துமாக்கடலில் உள்ள மொரீசியசுத் தீவு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து சென்ற தமிழ்க் கைவினைஞரின் வழித்தோன்றல்களும், பின்னர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்களும் இன்றும் வாழும் நாடு அது. நம் பைங்கிளியின் நெருங்கிய உறவான ஒரு பச்சைக்கிளி அத்தீவில் மட்டுமே உண்டு. 'எதிரொலிக் கிளி' என்பது அதன் பெயர். காடு அழிந்தது, பொந்துள்ள முதுமரங்கள் வீழ்ந்தன, கப்பலில் வந்த எலியும் குரங்கும் முட்டைகளைத் தின்றன, வெளியிலிருந்து வந்த நம் பைங்கிளியே எஞ்சிய பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. அதன் உறவினங்களுள் அருகிலுள்ள ராட்ரிக்சுத் தீவின் கிளி 1875-க்குப் பின்னும், செசெல்சுத் தீவுகளின் கிளி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கண்ணுக்கு மறைந்தன. 1980-களில் எதிரொலிக் கிளிகள் ஏறத்தாழப் பத்து மட்டுமே எஞ்சியிருந்தன.

1979-இல் அத்தீவுக்கு வந்த வேல்சு நாட்டு அறிஞர் கார்ல் ஜோன்சும் மொரீசியசு நாட்டினரும் சேர்ந்து அக்கிளியைக் காக்க முனைந்தனர். ஒரு பொந்தில் பொரித்த குஞ்சுகளுள் கடைசிக் குஞ்சு பெரும்பாலும் பட்டினியால் இறக்கும் என்பதை அவர்கள் கண்டனர். இறக்கப்போகும் அக்குஞ்சுகளை எடுத்துப் பறவைக்கூடத்தில் வளர்த்தனர். செவிலித்தாயாக யாரைக் கொண்டனர் தெரியுமா? பொந்துகளைப் பறித்த அதே பைங்கிளியை! கூண்டில் பெருக்கி நன்கு அறியப்பட்ட பறவை அதுவே அன்றோ? அதன்மீது பழகிய முறைகளே அரிய இனத்துக்குக் கைகொடுத்தன. காட்டில் பெட்டிக்கூடுகளைப் பொருத்தினர், உணவு வைத்தனர், எலியைத் தடுத்தனர். 1997 முதல் கூடத்தில் வளர்ந்த கிளிகளைக் காட்டில் விட்டனர். இடையில் இறகையும் அலகையும் அரிக்கும் ஒரு கொடிய நோய் பரவியபோதும் முயற்சியைக் கைவிடவில்லை. இன்று அக்கிளிகள் நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. உலகப் பாதுகாப்பு ஒன்றியம் 2007-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் அதனை ஆபத்தின் படியிலிருந்து கீழிறக்கி வைத்தது.

இங்கேதான் இரு கூடுகளின் வரலாறும் ஒன்றுசேர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பொந்திலிருந்து எடுத்துக் கூண்டில் வைத்தோம். மொரீசியசில் கூண்டிலிருந்து எடுத்துப் பொந்தில் வைத்தனர் என்று சொன்னால் அது பெரிதும் பொருந்தும். எடுத்தவர் கையில் ஆசை இருந்தது. திருப்பிக் கொடுத்தவர் கையில் அறிவும் இருந்தது. ஆசை மட்டும் ஓர் உயிரைக் காப்பாற்றாது. அதன் வாழ்க்கையைப் படித்தறிந்த அன்பே காப்பாற்றும்.

நம் ஊருக்கு இதில் என்ன பாடம்? ஆரணியில் கிளிக்குப் பறவைக்கூடம் தேவையில்லை. பொந்து வேண்டும். பட்டுப்போன பனை விறகுக்குத்தான் ஆகும் என்று எண்ணுகிறோம். கிளிக்கும் பனங்காடைக்கும் ஆந்தைக்கும் மைனாவுக்கும் அது குடியிருப்பு. சாலை அகலமாகும்போதும், வயல் மனையாகும்போதும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் பெருகும்போதும் முதலில் விழுவது பழைய மரம். தொழில் வேண்டும், அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால், எந்த மரத்தை விடலாம் என்று ஒருவர் கேட்டாலும் சில பொந்துகள் பிழைக்கும். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதனை ஊராருக்கு நினைவூட்டும் வேலையை மாணவர்களே செய்யலாம்.

கிளியை நேசிக்கக் கூண்டுதான் வழி என்பதும் இல்லை. சென்னை இராயப்பேட்டையில் ஒளிப்படக் கருவிகளைப் பழுதுபார்த்து வாழ்ந்த ஒருவர், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு மாடிக்கு வந்த இரண்டு கிளிகளுக்கு அரிசி வைத்தார். பின்னர் அவருடைய மாடிக்குக் காலையும் மாலையும் ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தன, ஒன்றுகூட அடைக்கப்படவில்லை. திருவில்லிபுத்தூரிலோ ஆண்டாளின் கைக்கு நாள்தோறும் புதிதாக ஒரு கிளி செய்யப்படுகிறது. மாதுளம்பூ அதற்கு அலகு. மரவள்ளி இலை உடல். வழிபாட்டுக்குக் கிளி வேண்டும். ஆனால் உயிருள்ள கிளி சிறைப்பட வேண்டியதில்லை என்பதை அந்தக் கைவேலை எவ்வளவு அமைதியாகச் சொல்கிறது!

மாணவர்களே, வரும் தை மாதத்தில் ஒரு பொந்தைக் கண்டால் ஏறாதீர்கள். எட்டி நின்று பாருங்கள். ஆண் எப்போது வருகிறது, எத்தனை முறை ஊட்டுகிறது, குஞ்சு எந்த நாளில் தலை நீட்டுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் முடிந்தவரை பொந்திலேயே வைக்கச் செய்யுங்கள். காயம் பட்டிருந்தால் வனத்துறையினரிடம் சேர்ப்பியுங்கள். ஒரு குடும்பத்தை ஏழு வாரம் கவனித்து எழுதிய மாணவர், கூண்டில் ஒரு கிளியை ஏழு ஆண்டு வைத்திருந்தவரைவிடக் கிளியைப் பற்றி மிகுதியாக அறிந்தவர் ஆவார். கிளிக்குப் பேசக் கற்பித்த மரபு நம்முடையது. கிளியிடமிருந்து கற்கும் மரபை நீங்கள் தொடங்குங்கள்.